இடப்பக்கம் நின்ற முள்

லேசரின் வாயை அடைத்தாயிற்று. இனி நாற்பத்தைந்து விநாடிக்கு எதையும் தொடக் கூடாது, இருமக்கூட வேண்டாம் என்று பொற்கொடி தன்னையே அதட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒடுங்கினாள். மேலே மூன்றரை மணி வெயில் மண்டையைப் பிளக்கும். இங்கே கீழ்த்தளத்தில் பகலும் கிடையாது இரவும் கிடையாது, ஏசியின் உறுமலும் கம்ப்யூட்டர் திரையின் வெளிறிய வெளிச்சமும்தான். அந்த வெளிச்சத்தில் தன் கை யாருடைய கையோ மாதிரி தெரிந்தது. மேஜை நடுவில் உலோகக் கூடு, கூட்டுக்குள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ், குமிழுக்குள் கண்ணுக்குத் தெரியாத சீசியம் ஆவி. கோடி கோடி அணுக்கள், ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஓயாத ஒரு பம்பரச் சுழற்சி. லேசர் ஒளி போய் எல்லாவற்றின் சுழற்சியையும் ஒரே திசைக்குத் திருப்பிவிடும். பிறகு ஒளியை அடைத்துவிட்டு, அவை அந்தத் திசையை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கின்றன என்று இருட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆறு வருஷமாக அவள் பார்க்கும் வேலை இதுதான். ஆராய்ச்சிக் கட்டுரையில் அதற்கு மிடுக்கான இங்கிலீஷ் பெயர் உண்டு, லேபில் எல்லோரும் சொல்வது மறதி நேரம். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று உதடு தானாக எண்ணியது. ஒரு விநாடிக்குள் ஓர் அணு பத்தாயிரம் தடவை கண்ணாடியில் போய் முட்டுகிறது. வெறும் கண்ணாடியாக இருந்தால் ஒரே முட்டில் எல்லாம் மறந்துபோகும். உள்பக்கம் மெல்லிசாக மெழுகு பூசியிருப்பதால் மறக்காமல் திரும்பி வருகிறது. அந்த மெழுகைப் பூசியவர் சவரிமுத்து அண்ணன். குமிழை ஊதியவரும் அவர்தான். ஊதியவர் போய் ஆறு வாரம் ஆகிறது, ஊதிய குமிழ் இன்னும் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தவள், சீச்சீ, இது என்ன நினைப்பு என்று தலையை உலுக்கிக்கொண்டாள். அதற்குள் நாற்பத்தைந்து முடிந்து திரையில் ஒரு புள்ளி விழுந்தது.

நல்ல புள்ளி. ரொம்ப நல்ல புள்ளி. அடுத்த சுற்றுக்கு லேசர் தானாகத் திறந்துகொண்டது, அவள் முள்ளைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்றுதான் வந்து உட்கார்ந்தாள், ஆனாலும் பார்த்தாள். மேஜை ஓரத்தில் பழைய காலத்து மீட்டர் ஒன்று, அரைவட்டக் கண்ணாடிக்குள் ஒரு முள். சுற்றுப்புறத்தில் காந்தம் எங்கேயாவது அசைந்தால் முள்ளும் அசையும். நாலடுக்குக் கூடு கேட்டதற்கு இரண்டடுக்குதான் வந்தது, அதனால் வெளிக்காந்தம் உள்ளே கசியும், அணுக்களைக் குழப்பும். முள் நகர்ந்தால் பக்கத்தில் இருக்கும் திருகுப்பிடியைத் திருகிக் கம்பிச்சுருளின் மின்னோட்டத்தை மாற்றி முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும், மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுவதுபோல யோசிக்காமல் செய்கிற காரியம் அது. இதனால்தான் வாசலில் ஒரு நீலக் கூடை. உள்ளே வருகிறவர்கள் பெல்ட், சாவி, ஹேர்பின், சேஃப்டி பின் என்று இரும்பு எதுவானாலும் கூடையில் போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். துணைவேந்தரே ஒரு தடவை பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வேட்டியைப் பிடிப்பதுபோலப் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்திருக்கிறார். சவரிமுத்து அண்ணனுக்கு மட்டும் அந்தக் கூடையால் பயனில்லை. சின்ன வயதில் வந்த போலியோ. வலது காலில் தொடை முதல் பாதம் வரை இரண்டு இரும்புப் பட்டையும் தோல்வாரும் போட்ட கேலிப்பர். இரும்பைக் கழற்றினால் மனிதர் நிற்க முடியாது. ஆகவே பதினொரு வருஷமாக இந்த லேபுக்குக் குமிழ் ஊதிக்கொடுத்தவர் ஒரு நாளும் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. ஆனால் அவர் படியிறங்கி வராந்தாவில் திரும்பியதுமே முள்ளுக்குத் தெரிந்துவிடும். ஒரு துள்ளல், ஒரு தயக்கம், ஒரு துள்ளல், ஒரு தயக்கம், அவர் நடை அப்படியே. சத்தம் எதுவும் கேட்காது, நுரை அடித்த இரட்டைக் கதவு. கதவுக்கு வெளியே வந்து நின்றால் முள் வலப்பக்கம் பத்துக் கோடு தள்ளிப் போய் அசையாமல் நிற்கும். "அண்ணே, உங்க கால் வந்து அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் நீங்க வர்றீங்க" என்று கேலி பண்ணுவாள். "பின்னே? காலு முன்னாடி போனாத்தானே ஆளு பின்னாடி போக முடியும், பாப்பா" என்பார். முப்பத்தொரு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிட அவருக்கு மட்டும் பாத்தியதை உண்டு. ஒருநாள் கேட்டார், "நான் ஊதுனது உள்ள என்னதான் பண்ணுதுன்னு ஒரு தடவ பாக்கணும்மா. காலைக் கழட்டி வச்சிட்டுச் சுவத்தப் புடிச்சு நொண்டிக்கிட்டே வந்துர்றேன்." அடுத்த வாரம் காட்டுறேண்ணே என்று சொன்னாள். அடுத்த வாரம் அடுத்த வாரமாகவே இருந்தது.

காலையில் கதிரேசன் சார் போன் பண்ணினார். அவளுடைய கைடு, நல்ல மனுஷர், எதையும் உத்தரவாகச் சொல்ல மாட்டார், அதுதான் கஷ்டம். "சவரிமுத்து வீட்டம்மா நாலு மணிக்கு ஆபீசுக்கு வர்றாங்கம்மா. அவரோட சாமானெல்லாம் எடுத்துட்டுப் போக. அந்தக் கேலிப்பர்கூட நம்மகிட்டதான் கெடக்கு. நீயும் மேல வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போயேன்." சரி சார் என்றாள். என்றவள் இரண்டு மணிக்கே கீழே வந்து நீலக் கூடையில் ஹேர்பின்களைப் போட்டுவிட்டு, வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். சிவப்பு எரிந்தால் யாரும் தட்டக் கூடாது. அவளே எழுதி ஒட்டிய விதி. பல்லி மாதிரி இங்கே ஒட்டிக்கொண்டு நாலு மணியைக் கடத்திவிடலாம் என்று கணக்கு. அண்ணனின் மனைவி பிலோமினா அக்கா முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை. அடக்கத்தன்று அந்த அம்மாள் அழவில்லை, பொற்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ரொம்ப நேரம் கெடந்தாகளா?" கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் அத்தனை பேர் நடுவில் பொற்கொடி சொன்னாள், "இல்லக்கா, உடனே பாத்துட்டாங்க." எவ்வளவு வழுவழுப்பாக வந்தது அந்த வார்த்தை. உடனே. பொய் சொல்லத் தெரியாதவள் என்று அம்மா ஊரெல்லாம் பீற்றிக்கொள்வாள். உடனே. ஆஸ்பத்திரி டாக்டர் கைகழுவிக்கொண்டே சொன்னது வேறு. நெஞ்சடைப்பு, கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாமே என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அங்கே நின்றவர்களில் ஒருத்திக்கு மட்டும் நிமிஷக் கணக்காகத் தெரியும்.

வேண்டாம், மோதலைப் பற்றி நினைக்கலாம், வேலையைப் பற்றி நினைக்கலாம். சுவரில் மட்டுமல்ல, அணுக்கள் ஒன்றோடொன்றும் மோதிக்கொள்கின்றன. மோதும்போது ஒன்று தன் சுழற்சியை மற்றதற்குக் கொடுத்து அதன் சுழற்சியைத் தான் வாங்கிக்கொள்ளும். மொத்தத்தில் ஒன்றும் குறையாது. ஆனால் காந்தப்புலம் கொஞ்சம் இருந்தால் கதையே வேறு. அணுக்கள் இரண்டு வகையாகப் பிரிந்து ஒரு வகை வலமாகவும் மறு வகை இடமாகவும் திரும்பத் தொடங்கும், எதிரெதிராகச் சுற்றும் இரண்டு கும்மி வட்டம் மாதிரி. ஒவ்வொரு மோதலும் ஒருத்தியைப் பிடித்து இந்த வட்டத்திலிருந்து அந்த வட்டத்துக்குத் தள்ளிவிடும். தள்ளித் தள்ளி யார் எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்பதே தொலைந்துபோகும், அதுதான் மறதி. புலத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் வட்டம் சுற்றாது. அப்புறம் எத்தனை மோதினாலும் ஞாபகம் கலையாது. இதை முதல் வருஷம் புரிந்துகொண்டபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மோதல் மறக்கடிப்பதில்லை, சுற்றுவதுதான் மறக்கடிக்கிறது. அப்படியானால் ஆறு வாரமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் அவளுக்கு ஏன் ஒரு விநாடிகூட மறக்கவில்லை? இது அணு இல்லை, மண்டை. மண்டைக்கு வேறு விதி. உடனே. பத்துக் கோடு. உடனே. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வெள்ளிக்கிழமையில் போய் முட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. திரையில் இன்னொரு புள்ளி விழுந்திருந்தது. இதுவும் நல்ல புள்ளி. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இவ்வளவு நல்ல புள்ளிகள் விழுந்ததே இல்லை.

அன்றைக்கு மாடியில் ஒரு பேராசிரியருக்குப் பணிநிறைவு விழா. எல்லோரும் மேலே. வராந்தாவில் ஈ காக்கை கிடையாது, காந்தம் சுத்தமாக இருந்தது, இதைவிட்டால் கிடைக்காது என்று அவள் விழாவுக்குப் போகாமல் ஓட்டத்தை ஆரம்பித்தாள். இரண்டு ஐம்பதுக்கு முள் துள்ளியது. துள்ளல், தயக்கம், துள்ளல், தயக்கம். அண்ணன் வருகிறார். எரிச்சலாக இருந்தது. ஆமாம், எரிச்சல்தான், இப்போது அதைப் பாசம் என்று பூசி மெழுகி என்ன ஆகப்போகிறது. வந்து நின்றார். முள் வலப்பக்கம் பத்துக் கோடு. சிவப்பு எரிகிறதே, காத்திருப்பார், எப்போதும் காத்திருப்பவர்தானே. நிற்கட்டும் என்று நினைத்தாள். நிற்கட்டும். அப்புறம் முள் ஒரு தடவை உதறியது. வலப்பக்கம் இருந்தது சுழியத்தைத் தாண்டி இடப்பக்கம் போய் எட்டுக் கோட்டில் நின்றுவிட்டது. இதை அவள் பார்த்தாள். கண்ணால் பார்த்தாள். நேரே நிற்கும் இரும்புப் பட்டை முள்ளை ஒரு பக்கம் தள்ளும், அதே பட்டை படுத்துவிட்டால் மறு பக்கம் இழுக்கும். பி.எஸ்சி. முதல் வருஷத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், பாடம் எடுத்தவளுக்குத் தெரியாதா? தெரியும். மூளையின் ஏதோ மூலையில் தெரிந்திருக்கும். ஆனால் கை யோசிக்கவில்லை. கை திருகுப்பிடியைத் திருகி முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தது. மூன்று புள்ளி இரண்டு சுற்று. நோட்டில் எழுதவும் செய்தாள்: மணி 2.53, புலம் நகர்ந்தது, சரிசெய்யப்பட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் ஆறு தப்படியில் கிடந்த ஒரு மனுஷனை மூன்று புள்ளி இரண்டு சுற்றில் இல்லையென்று ஆக்கிவிட்டு முக்கால் மணி நேரம் அவள் அணுக்கள் மறக்கக் காத்திருந்தாள். அன்றைக்குக் கிடைத்த மறதி நேரம் நாற்பத்தெட்டு விநாடி. அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை. மூன்று முப்பத்தெட்டுக்கு முள் திடீரென்று தாவியது. சனியன் என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே திருகுப்பிடியைத் திருப்பித் திருகினாள். அதே மூன்று புள்ளி இரண்டு, மறு பக்கமாக. கடைசிப் புள்ளியையும் எடுத்து முடித்துவிட்டுக் கதவைத் திறந்தால் வராந்தா முழுக்க ஆட்கள். காவலாளி பார்த்துக் கத்தி, தூக்குவதற்குத் தோதாகக் கேலிப்பரைக் கழற்றி ஓரமாக எடுத்துப் போனதும், ஆளை ஆட்டோவில் ஏற்றியதும் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. தரையில் கவிழ்ந்த பேப்பர் தட்டும் கேசரியும் கிடந்தன. விழாவுக்கு வராதவளுக்கு அவர் மேலேயிருந்து எடுத்து வந்தது. கேசரியில் எறும்பு ஏறிவிட்டிருந்தது. எறும்பைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூன்று புள்ளி இரண்டு ஞாபகம் வந்தது.

கட்டுரையைப் படித்த நடுவர்கள் அந்த நாற்பத்தெட்டை மறுபடி எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். ஆனால் ஆறு வாரமாக முப்பதைத் தாண்டவில்லை. மெழுகு பழசாகிவிட்டது என்றார் கதிரேசன் சார். அவளுக்குத் தெரிந்த காரணம் வேறு, சொன்னால் லீவு போட்டு ஊருக்குப் போகச் சொல்வார்கள். முள் சரியாக நிற்பதில்லை. எவ்வளவு திருகினாலும் சுழியத்துக்கு இடப்பக்கம் ஒரு மயிரிழை தள்ளியே நிற்கிறது. உணர்கருவியைக் கழற்றிப் பார்த்தாள், கூட்டின் காந்தத்தைக் கலைத்துப் பார்த்தாள், கம்பியை மாற்றிப் பார்த்தாள். மயிரிழை போகவில்லை. அவ்வளவு நேரம் இரும்பு கிடந்ததில் தரைக்குள் இருக்கும் கான்கிரீட் கம்பிக்கு அந்த வாகு பிடித்துவிட்டதோ? பைத்தியக்காரத்தனம். முக்கால் மணி நேரத்தில் எந்தக் கம்பிக்கும் எதுவும் பிடிக்காது. தெரியும். தெரிந்தும் ஒரு சாயங்காலம் வராந்தாவில் யாரும் இல்லாதபோது மண்டி போட்டுத் தரையைத் தடவிப் பார்த்தாள். சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். உள்ளே வந்து பார்த்தால் முள் அதே மயிரிழையில் நின்றுகொண்டிருந்தது. யாரோ இன்னும் எழுந்து போகவில்லை என்கிற மாதிரி. அன்றிலிருந்து அவள் இந்த நாற்காலியில் கதவுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை.

இன்றைக்குப் புள்ளிகள் வரிசையாக நன்றாக விழுந்துகொண்டிருந்தன. ஏன் என்று தெரியவில்லை. நாற்பத்தாறு வரும், நாற்பத்தேழுகூட வரும் போலிருந்தது. இன்னும் கால்மணி நேரம், கட்டுரை பிழைத்தது, ஆறு வருஷம் பிழைத்தது. மணி நாலு ஐந்து. மேலே ஆபீசில் அந்த அம்மாள் வந்திருப்பாள், கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள், பொற்கொடி எங்கே என்று கதிரேசன் சார் கேட்டிருப்பார், கீழே ஓட்டத்தில் இருக்கிறாள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டாள். முள் அசைந்தது. துள்ளவில்லை, தயங்கவில்லை. இடப்பக்கமாக, ஒரே சீராக, நிதானமாக ஏறியது. இரண்டு கோடு. நாலு. வராந்தாவில் யாரோ நடந்து வருகிறார்கள். இல்லை, நடந்தால் வலப்பக்கம் அல்லவா போக வேண்டும்? இடப்பக்கம் என்றால் படுத்த இரும்பு. படுத்துக்கொண்டே வருகிறது. ஆறு. எட்டு. எட்டில் வந்து நின்றது. ஏசி உறுமியது. இரட்டைக் கதவு மூடியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், அதே இடத்தில், அதே எட்டுக் கோட்டில். அண்ணே என்று சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. லேசர் தானாக அடைத்துக்கொண்டது, அடுத்த நாற்பத்தைந்து விநாடி தொடங்கியது. ஏழு நிமிஷமா எட்டு நிமிஷமா, எத்தனை சுற்று அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. கேலிப்பர் ஆபீசிலிருந்து புறப்பட்டிருக்கும், அந்த அம்மாள்தான், வேறு யார், என்று ஒரு புத்தி சொன்னது. பின்னே ஏன் தட்டவில்லை, ஏன் அப்படியே நிற்கிறது என்று இன்னொரு புத்தி கேட்டது. கதவைத் திறந்தால் வெளிச்சம் பாயும், ஓட்டம் கெட்டுப்போகும். இன்னும் ஐந்தே புள்ளி. நிற்கட்டும். யார் சொன்னது அது? அவள்தான் சொன்னாள். குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை திருகுப்பிடியின் மேல் இருந்தது. எப்போது போனதென்று அவளுக்குத் தெரியாது. அரைச் சுற்றுத் திருகியும் இருந்தது. முள் எட்டிலிருந்து ஏழுக்கு வந்திருந்தது. சுட்டதுபோலக் கையை உதறிக்கொண்டு எழுந்தாள், நாற்காலி பின்னால் சரிந்தது, உள்கதவைத் திறந்தாள், வெளிக்கதவைத் திறந்தாள்.

பிலோமினா அக்கா நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். நீலக் கூடையில் அவளுடைய இரண்டு சேஃப்டி பின்களும் வீட்டுச் சாவியும் கிடந்தன. கேலிப்பரைப் பச்சைக்குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையிலும் குறுக்காக ஏந்தியிருந்தாள்.

"லைட்டு எரிஞ்சுச்சு" என்றாள். "செவப்பு எரிஞ்சாத் தட்டக் கூடாதுன்னு அவுக சொல்லிருக்காக. அதான் நின்னுக்கிட்டேன்."

"எவ்வளவு நேரமாக்கா?"

"இருக்கும் ஒரு பத்து நிமிசம். வேல கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா."

அந்த அம்மாள் தரையைப் பார்த்தாள். "இங்கினதான் விழுந்தாகளா?"

பொற்கொடி தலையை ஆட்டினாள். உடனே என்கிற வார்த்தை நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. ஆமாக்கா, இங்கதான், உடனே பாத்துட்டாங்க. இதைச் சொன்னால் போதும், அந்த அம்மாள் வீட்டுக்குப் போய்விடுவாள், இனி வரமாட்டாள். பொற்கொடி அந்தக் கேலிப்பரைப் பார்த்தாள்.

"முக்கா மணி நேரம் கெடந்தாங்கக்கா" என்றாள். "அன்னைக்கு நான் பொய் சொன்னேன். வெளியில அண்ணன் இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். உள்ள ஒரு முள் இருக்கு, அது காட்டுச்சு. விழுந்ததையும் காட்டுச்சு. நிக்குறாங்க, நிக்கட்டும்னு நெனச்சு நான் என் வேலையப் பாத்தேன்."

பிலோமினா அக்கா கேலிப்பரின் தோல்வாரை விரலால் நெருடினாள். பிறகு, "கூப்புட்டாகளா?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா. உள்ள கேக்காது."

"அப்ப நீ உள்ளதான் இருந்திருக்க."

அது திட்டா, ஆறுதலா, வெறுமனே தெரிந்துகொண்டதா என்று அவளுக்குப் புரியவில்லை. அந்த முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. மன்னிச்சிருங்கக்கா என்று சொல்ல வாயெடுத்தாள், அந்த அம்மாள் அவள் தோளுக்கு மேலாக இருட்டான அறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுக ஊதுனது எது?"

"அந்தக் கூட்டுக்குள்ள இருக்குக்கா."

"நான் பாக்கலாமா? அவுக பாக்கணும் பாக்கணும்னுக்கிட்டே இருந்தாக."

"வாங்கக்கா."

"இரு, இத உள்ள கொண்டுவரக் கூடாதுல்ல" என்றாள் பிலோமினா அக்கா. கேலிப்பரைக் கையிலிருந்து இறக்கி, பாதப்பட்டையைத் தரையில் ஊன்றி, கதவோரச் சுவரில் நேராகச் சாய்த்து வைத்தாள். விழுந்துவிடாதபடி ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். பொற்கொடி திரும்பிப் பார்த்தாள். மேஜை ஓரத்தில் முள் இடப்பக்கத்தை விட்டு எழுந்து, சுழியத்தைத் தாண்டி, வலப்பக்கம் போய் நின்றது.